வெடிப்புக்கு ஒரு காணி உறுதி

நோய் என்னவென்று தெரியாமல் செத்த லயம் ஊவா மாகாணத்தில் ஒன்றுகூட இல்லை. பசறை, லுணுகலை, ஹாலிஎல, ஹப்புத்தளை, கொஸ்லந்தை என்று எந்தப் பக்கம் போனாலும், எல்லாச் சுவருக்கும் நாடி பிடித்து முடித்தாயிற்று. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், "சரியான மோசம்" என்று தலையை ஆட்டினார்கள், தோட்டத்தில் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்கள். தேத்தண்ணி நன்றாயிருந்தது என்று யாரும் குறை வைக்காமல் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

அவர்கள் கண்டுபிடித்ததை நானும் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்கி, அதில் கருங்கல்லையும் மண்ணையும் சுண்ணாம்பையும் வைத்து எழுப்பிய நீளச் சுவர். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராக்கள். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஈரத்தைத் தடுக்க எதுவும் கிடையாது. லயத்தின் முதுகுக்குப் பின்னால் வெட்டிவிட்ட மண் மேடு, தாங்குசுவர் இல்லாமல் அம்மணமாக நிற்கும். மேட்டில் விழுகிற மழை பின்கானில் ஓடிப் போக வேண்டும். கான் தூர்ந்து வருடக்கணக்காகிறது. ஆகவே தண்ணீர் அத்திவாரத்துக்குள் இறங்கி, கல்லிடுக்கு வழியாகச் சுவரில் ஏறி, இடுப்பளவு உயரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அந்த உப்பில் முதுகை வைத்துத்தான் பிள்ளைகள் படிக்கின்றன.

இதற்குத் தோட்டம் தரும் மருந்து சிமெந்து. சுண்ணாம்பும் மண்ணும் சேர்ந்த சுவர் ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தால் வெளியே விடும். அதன்மேல் சிமெந்தைப் பூசினால் உள்ளே போன ஈரம் உள்ளேயே கிடந்து ஊறும். இரண்டு மாரி தாண்டுவதற்குள் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று, போகிற போக்கில் பழைய சாந்தையும் இழுத்துக்கொண்டு விழும். செய்ய வேண்டியது கானைத் தோண்டுவது என்று எந்த மேசன்பாஸைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் தோண்டிய கானுக்குள் நின்று ஓர் அமைச்சர் படம் பிடித்துக்கொள்ள முடியுமா? பூசிய சுவர் என்றால் முன்னால் நிற்கலாம், மாலை போடலாம், பெயர்ப் பலகை அடிக்கலாம். சுவர் விழும்போது பலகை கடைசியில்தான் விழும். அதை நல்ல மரத்தில் செய்திருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது இலையில் உள்ள ஈரத்துக்கென்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். ஈரத்தை அளக்கும் வித்தை தோட்டத்துக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. சுவரில் உள்ள ஈரத்துக்கு மட்டும் யார் கணக்கிலும் எதுவும் கழிவதில்லை.

வெள்ளைக்காரனுக்குக் கட்டத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தெமோதரையில் 1921இல் திறந்த ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. கல்லும் செங்கல்லும் சீமெந்தும் மட்டும். இரும்பு இல்லாமலே நூறு வருடத்துக்கு மேல் ரயிலைத் தாங்குகிறது. இன்றைக்கு உலகமே வந்து அதன் முன்னால் படம் எடுக்கிறது. ஹப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷம் மாளிகை, சந்நியாசிகளின் மடமாகி, ஒரு கல் அசையாமல் நிற்கிறது. தம்பத்தனையில் லிப்டன் 1890இல் எழுப்பிய தொழிற்சாலையைப் போய்ப் பாருங்கள். மேல்மாடி நெடுக வரிசை வரிசையாக ஜன்னல். எதற்கு? கொழுந்து வாட வேண்டும். வாடக் காற்று வேண்டும். காற்றில்லாமல் கொழுந்து புழுங்கினால் ருசி கெட்டுவிடும் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. அந்தக் கொழுந்தைப் பறித்தவளுக்கு முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் ஒரு கதவு. பின்சுவரில் ஜன்னல் இல்லை. அவள் புழுங்கினால் ருசி கெடாது அல்லவா?

எனவே குறை அறிவில் இல்லை. யாருக்குக் கட்டுவது என்ற தீர்மானத்தில் இருந்தது. அந்தத் தீர்மானத்தைச் சுதந்திர இலங்கை ஒரு கல்லும் மாற்றாமல் பேணிப் பாதுகாத்து வருகிறது. தொல்பொருள் திணைக்களம் பொறாமைப்படும் பாதுகாப்பு.

சரி, சுவர் வெடித்துவிட்டது. அடுத்து என்ன நடக்கும்? ஒரு வெடிப்பு எப்படிப் பயணம் போகிறது என்பதைப் பார்ப்போம். காசியும் ராமேஸ்வரமும் போன யாத்திரிகன்கூட இத்தனை வாசலில் நின்றிருக்க மாட்டான்.

முதலில் தோட்ட ஆபீஸ். பெரட்டுக்குப் பிறகு, ஒரு மணி நேர வேலையை இழந்துதான் போக வேண்டும்.

"ஐயா, பின்செவுரு வெடிச்சிருச்சுங்க. கை போகுதுங்க."

"எந்தக் கை?"

கிளாக்கர் ஐயா வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. படிவத்தில் அகலம் என்றொரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்ப வேண்டும். "ஒரு கை, வலது" என்று எழுதிக்கொள்கிறார். துரை பார்வையிடுவார். துரை பார்வையிடுகிறார். இது கம்பனியின் காசில் செய்யும் வேலையல்ல என்கிறார். ஏனென்றால் 1972இலும் 1975இலும் அரசாங்கம் தோட்டங்களைச் சுவீகரித்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. பிறகு 53 ஆண்டுக் குத்தகை. காணி அரசாங்கத்தினுடையது. கம்பனி வெறும் குத்தகைக்காரன். குத்தகைக்காரன் பழம் பறிப்பான். மரத்துக்கு வருத்தம் வந்தால் மரத்துக்காரனைக் கூப்பிட வேண்டும்.

மரத்துக்காரனைக் கூப்பிட்டால், கட்டடமும் அதில் குடியிருப்பவரும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று பதில் வருகிறது. பிறகு பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். அங்கே நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் வெடிப்பு ஒரு திட்டத்துக்குள் வர வேண்டும். இந்த வருடம் கூரைத் திட்டம் மட்டும்தான். வெடிப்பு கூரையில் ஏற்பட்டிருந்தால் பார்க்கலாம்.

அடுத்த வாசல் பிரதேச சபை. இங்கேதான் அசல் அங்கதம். என்னைப் போன்றவர்கள் எழுதுவதெல்லாம் அதற்கு முன்னால் தூசு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள் சபையின் காசைச் செலவு செய்ய அது குறுக்கே நின்றது. தோட்டத்து ஜனங்கள் வாக்குப் போடலாம். அவர்களுடைய வாக்கில் உறுப்பினர் ஜெயிக்கலாம், தவிசாளர் நாற்காலியில் உட்காரலாம். உட்கார்ந்தபின் அந்த வாக்காளரின் லயத்துக்கு முன்னால் ஒரு கானை வெட்ட வேண்டுமென்றால் சட்டம் "தொடாதே" என்றது. 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். முப்பத்தொரு வருடம். அதற்குள் எத்தனை சுவர் விழுந்திருக்கும், எத்தனை தவிசாளர் எழுந்திருப்பார். இப்போது சட்டம் வழிவிட்டது. சபையில் காசில்லை.

இனி தொழிற்சங்கம். சந்தா மாதாமாதம் சம்பளத்தில் தானாக வெட்டுப்படுகிறது. அந்த வெட்டில் மட்டும் ஒருபோதும் வெடிப்பு விழுந்ததில்லை. தலைவர் அக்கறையாகக் கேட்கிறார். தோளில் தட்டுகிறார். மே தினத்தில் பேசுவதாகச் சொல்கிறார். பேசவும் பேசுகிறார். தலைவர் பிறகு அமைச்சர் ஆகிறார். அமைச்சுக்கு ஒரு பெயர் வேண்டும். 2015இல் வந்த அமைச்சின் பெயர் "மலைநாட்டு புதிய கிராமங்கள், உட்கட்டமைப்பு மற்றும் சமுதாய அபிவிருத்தி". இந்தப் பலகையை ஆணியடித்து மாட்ட ஒரு முழு லயத்துச் சுவர் வேண்டும். ஆட்சி மாறும்; பெயர் மாறும்; பலகை புதிதாகும். பலகைக்கு ஆன பலகையை எல்லாம் சேர்த்து வைத்திருந்தால் நாலு காம்பிராவுக்குத் தளம் அடித்திருக்கலாம்.

இதற்குள் வெடிப்பு காத்திருக்காது. இரண்டு கை போகிற அளவாகிவிடும். அந்தக் குடும்பத்து ஆம்பிளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லும் மண்ணும் சுமந்து வந்து, கூடவே இஸ்தோப்பை ஒட்டி நாலு தகரத்தைச் சார்த்தி ஒரு குசினி போடுகிறான். அப்போதுதான் இத்தனை நாளும் காணாமல் போயிருந்த உரிமையாளர் சட்டென்று பிரசன்னமாகிறார். அனுமதியற்ற கட்டுமானம்! தோட்டத்துச் சொத்தில் கைவைத்தாய்! விளக்கம் கேட்டுக் கடிதம், மிஞ்சினால் பொலிஸ். சுவர் விழுகிறபோது யாருக்கும் சொந்தமில்லாதது, நிமிர்த்தினால் உடனே சொந்தக்காரர் வந்து நிற்கிறார். 2023 ஆகஸ்டில், மலையகத்துக்கு வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஜனங்கள் நடந்து முடித்த அதே மாதம், அந்த மாத்தளை மாவட்டத்தின் ரத்வத்தைத் தோட்டத்தில் ஒரு குடும்பம் போட்ட கொட்டிலைத் தோட்ட அதிகாரி உடைத்துத் தள்ளியதை நாடே படத்தில் பார்த்தது. இருநூறு வருடத்துக்குப் பரிசு.

வைத்தியத்தைத் தடுக்கும் சட்டம் இப்படி இருக்க, நோய் பார்க்கும் பிரிவு மட்டும் பிரமாதமாக வேலை செய்கிறது. இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. 1980களின் பெரிய மண்சரிவுகளுக்குப் பிறகு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நாட்டிலேயே முதன்முதலாக அபாய வரைபடம் போட எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும்தான். எந்தச் சரிவு வழுக்கும் என்று கோடு போட்டு, நிறம் தீட்டி வைத்திருக்கிறார்கள். இருபத்துநாலு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிரு, 100 என்றால் தயாராகு, 150 என்றால் வெளியேறு. கணக்குச் சரி. விஞ்ஞானம் சரி.

தொங்கக் காம்பிராப் பாட்டிக்கும் இது தெரியும். அவளிடம் மழைமானி இல்லை, கதவு இருக்கிறது. நேற்றுச் சாத்திய கதவு இன்று நிலையில் இடிக்கிறது என்றால், நிலை சாய்கிறது. நிலை சாய்கிறது என்றால் அத்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது. கதவு மூலையிலிருந்து சரிவாக வெடிப்பு ஏறினால் அதற்குச் சாட்சி. மேட்டில் மரம் சாய்ந்து, தண்ணீர் இல்லாத இடத்தில் புதிதாய் ஊற்றுக் கசிந்து, அதுவும் கலங்கலாய் வந்தால், மலை புறப்பட்டுவிட்டது. பொறியியலாளர்கள் வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் திகதி போட்டு, அது உடைகிறதா என்று பார்ப்பார்கள். இங்கே குடும்பமே வெடிப்பின் குறுக்கே படுத்திருக்கிறது. யாராவது வந்து திகதி போட்டால் போதும்.

கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் அப்படித்தான் திகதி போட்டார்கள். 2005இல் ஆபத்து என்று சொன்னார்கள். 2011இல் மறுபடி சொன்னார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை தானே இறங்கி வந்து சொன்னது. லயங்கள் சேற்றுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது பாதை தெரிந்தது, வீடு இல்லை.

அன்றைக்குக் காணாமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில் என்றார்கள். பிறகு எண்ணிக்கை இறங்கி இறங்கி நாற்பதுக்குள் வந்து நின்றது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தியும் எத்தனை கிலோ பறித்தாள் என்று அரைக் கிலோ பிசகாமல் பதிகிற தோட்டத்தில், ஒரு லயத்தில் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்று அன்று யாருக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. இறந்தவர்கள் கொழுந்தாய் இருந்திருந்தால் கணக்கு அன்று மாலையே முடிந்திருக்கும்.

பிறகு வந்தது அந்தப் பிரசித்தி பெற்ற விளக்கம்: "நாங்கள் சொன்னோம், அவர்கள் எழும்பிப் போகவில்லை." ஐயா, எங்கே போவது? அந்த மலையில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. லயத்தை விட்டால் தோட்டம்; தோட்டத்தை விட்டால் றோட்டு. நோயாளியைப் பார்த்து "உனக்கு இந்த உடம்பு சரியில்லை, வேறு உடம்புக்குப் போ" என்று சீட்டு எழுதிக் கொடுத்த வைத்தியர், பிணத்தைப் பார்த்து "சொன்னேனே, கேட்டானா?" என்கிறார். எழுதிய சீட்டின் பிரதி கோப்பில் பத்திரமாக இருக்கிறது. கோப்பு இருந்தால் குற்றம் இல்லை. இந்த நாட்டில் எச்சரிக்கைக் கடிதம் எழுதப்படுவது ஆட்களைக் காப்பாற்ற அல்ல, எழுதியவரைக் காப்பாற்ற.

தப்பியவர்களை எங்கே வைத்தார்கள் தெரியுமா? பூனாகலைப் பக்கம் மாகல்தெனியவில் கைவிட்ட தேயிலைத் தொழிற்சாலையில். சுமார் இரண்டு வருடம். கொழுந்து வாடுவதற்குக் கட்டிய கட்டடத்தில் கடைசியில் கொழுந்து பறித்தவர்களுக்கும் இடம் கிடைத்தது. ஜன்னலோடு. 2016இல் 75 வீடுகளைக் கட்டிக் கொடுத்தார்கள். கொடுத்ததைக் கொடுத்தார்கள் என்றே சொல்கிறேன். அந்த 75 வீட்டையும் 2011இல் கட்டியிருந்தால் செலவு இதைவிடக் குறைந்திருக்கும். ஆனால் அப்போது திறப்பு விழாவுக்கு அனுதாபம் கிடைத்திருக்காது.

பாடம் படித்தார்களா? 2023 மார்ச்சில் அதே பூனாகலைப் பகுதியில் கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்தது. லயங்கள் போயின. அந்த ஜனங்களுக்கும் கடைசியில் கிடைத்த கூரை ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை. ஆகவே அரசாங்கத்திடம் மீள்குடியேற்றக் கொள்கை இல்லை என்று யாரும் பழி போடாதீர்கள்: இருக்கிறது. தொழிற்சாலைகள் மூடப்படும் வேகத்துக்கும் மலைகள் சரியும் வேகத்துக்கும் ஒரு பொருத்தம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

வெடிப்பு என்றால் எல்லா வெடிப்பும் ஒன்றல்ல என்பதையும் இந்தப் பதுளை மாவட்டமே காட்டிக் கொடுத்தது. உமா ஓயாத் திட்டத்துக்குப் பண்டாரவளைக்கு அடியால் சுரங்கம் தோண்டினார்கள். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பாயத் தொடங்கியது. மேலே கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் பண்டாரவளை நகரமே வீதியில் இறங்கியது. அமைச்சரவை கூடியது. நோர்வேயிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். அந்த ஜனங்கள் பட்டது உண்மையான பாடு. அவர்களுக்கு அது வேண்டும், அதற்கு மேலும் வேண்டும். என் கேள்வி வேறு. அந்தச் சுவர்களுக்கு உறுதி இருந்தது, இலக்கம் இருந்தது, கேட்பதற்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான். அதே மாவட்டத்தில் சுரங்கம் தோண்டாமலே நூறு வருடமாக வெடித்துக்கொண்டிருக்கும் லயத்துக்கு நோர்வே வேண்டாம். பதுளையிலிருந்து ஒரு மேசன் வந்தாலே போதும். வரவில்லை.

உறுதி என்றதும் ஞாபகம் வருகிறது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் வந்து நின்று மேலும் 10,000 வீடு என்றார். கை தட்டினோம். எட்டு வருடம் கழித்து, 2025 ஒக்டோபர் 12ஆம் திகதி, பண்டாரவளையில் ஜனாதிபதி தலைமையில் விழா எடுத்து, அந்தத் திட்டத்தில் 2,000 பேருக்கு வீட்டுரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். மறுபடி கை தட்டினோம். கொடுத்தது காணி உறுதிதானா, அல்லது பின்னால் வீடு வரும் என்று சொல்லும் கடதாசியா என்று அன்றைக்கே சண்டை மூண்டது. கட்டாத வீட்டில் வெடிப்பு விழாது என்பது மட்டும் உறுதி.

ஒன்றரை மாதம்தான். நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. ஊவா மலைகள் ஒரே இரவில் பல இடங்களில் அவிழ்ந்தன. பதுளை மாவட்டம் நாட்டிலேயே அதிகம் உயிர் இழந்த மாவட்டங்களில் ஒன்றானது. கிராமம், தோட்டம், நகரம் என்று மண் பார்க்கவில்லை. மண்ணுக்கு 33ஆவது பிரிவு தெரியாது. பிறகு நிவாரணக் கூடாரத்துக்கு முன்னால் வரிசை வந்தது. அங்கேதான் மறுபடி எல்லாம் ஞாபகம் வந்தது. வீடு யார் பேரில்? காணி யார் பேரில்? இலக்கம் என்ன? தோட்டத் துரையின் கடிதம் எங்கே?

இதையெல்லாம் பார்த்தபின் எனக்கு ஒரு யோசனை. மனிதருக்குக் காணி உறுதி கொடுக்க இந்த நாட்டுக்கு மனம் வரவில்லை. ஐந்து தலைமுறை ஒரே காம்பிராவில் இருந்தும் போதாதாம். சரி, விடுங்கள். வெடிப்புக்குக் கொடுங்கள். அதுவும் அத்தனை காலமாக அங்கேயேதான் குடியிருக்கிறது. சந்தா கேட்காது, சம்பள உயர்வு கேட்காது, இந்தியாவுக்குத் திரும்பிப் போ என்றால் அழாது. வருடா வருடம் தன் எல்லையைத் தானே விஸ்தரித்தும் கொள்கிறது; அனுமதியற்ற கட்டுமானம் என்று அதற்கு இதுவரை யாரும் கடிதம் எழுதியதில்லை. சொந்தக்காரனாகச் சகல தகுதியும் இருக்கிறது. வெடிப்புக்கு உறுதி கிடைத்துவிட்டால், அதன் காணியில் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பதற்காக அந்தக் குடும்பத்தை வெளியேற்றலாம். அப்படியாவது மலை இறங்கும் முன்பு அவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். இருநூறு வருடத்தில் இவர்களை உயிரோடு காப்பாற்ற அரசாங்கத்திடம் மிஞ்சியிருக்கும் ஒரே நடைமுறைச் சாத்தியமான திட்டம் இதுதான் என்று பணிவோடு சமர்ப்பிக்கிறேன்.

வேலையைச் சுலபமாக்க உறுதியின் அட்டவணையையும் நானே எழுதிவிட்டேன். நொத்தாரிசு கையெழுத்துப் போட்டால் போதும்:

ஊவா மாகாணம், பதுளை மாவட்டம், இலக்கமில்லாத லயத்தின் பெயரில்லாத காம்பிராவில், பின்சுவரின் அடியிலிருந்து கூரைத் தகரம்வரை ஏறிநிற்கும் வெடிப்பு. வடக்கே: தாங்குசுவர் இல்லாத மண்மேடு. கிழக்கே: தூர்ந்த கான். தெற்கே: பிள்ளை படுக்கும் பாய். மேற்கே: 2005ஆம் ஆண்டின் எச்சரிக்கைக் கடிதம். விஸ்தீரணம்: ஒரு கை, வலது. மாரி காலத்தில் எல்லைகள் மாறலாம்; மாறினால் உறுதி வழங்கும் தரப்பு பொறுப்பல்ல. முத்திரைக் கட்டணத்தைக் காம்பிராவில் குடியிருப்பவரின் சம்பளத்தில் வெட்டிக்கொள்ளவும்.